சாட்சிக் கூண்டில் மீன்!

"மீனை எண்ணுகிறார்களாம், மீனை!" என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. வேலையற்றவன் வானத்து மீனை எண்ணினான் என்று கேட்டிருக்கிறோம். வேலை உள்ளவன், வாரம் ஆறு நாள் உழைத்துக் களைத்தவன், கிடைத்த ஓர் ஓய்வு நாளிலே சேற்றில் இறங்கி ஆற்று மீனை எண்ணுகிறான் என்றால், அது பைத்தியக்காரத்தனம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும், தோழர்களே, நன்றாகச் சிரிக்கட்டும்! சிரித்து ஓய்ந்தபிறகு நாம் கேட்கும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஓர் ஆறு உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதை யாரைக் கேட்டு முடிவு செய்வது?

ஆட்சியிலிருப்பவரைக் கேட்டால் ஒதுக்கிய கோடியைச் சொல்வார். பொறியாளரைக் கேட்டால் கட்டிய சுவரின் நீளத்தைச் சொல்வார். ஒப்பந்தக்காரரைக் கேட்டால் தமக்கு வரவேண்டிய பாக்கியைச் சொல்வார். ஆலை முதலாளியைக் கேட்டாலோ, "ஆறா? எங்கே இருக்கிறது அது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்! இவர்கள் அத்தனை பேரும் கரையிலே நின்று பேசுபவர்கள். ஆற்றுக்குள்ளே குடியிருப்பவன் ஒருவன் இருக்கிறான், அவன் மீன். அவனுக்குக் கையூட்டுக் கொடுக்க முடியாது. அவனை மிரட்டிப் பணிய வைக்க முடியாது. நீர் நல்லதென்றால் இருப்பான், நஞ்சென்றால் இருக்கமாட்டான். இதைவிட நாணயமான சாட்சி எந்த வழக்குமன்றத்திலே கிடைப்பான்? ஆனால் பாவம், அவன் ஊமை. அவனுக்காகப் பேச ஒருவர் வேண்டும். கையில் வலையும் பையில் குறிப்பேடுமாக அவனைத் தேடிப் போகிறாரே தொண்டர், அவர்தான் அந்த ஒருவர்.

லண்டன் மாநகரிலே இந்தத் தொண்டு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. தேம்ஸ் ஆற்றிலே வந்து கலக்கும் சிற்றாறுகள் பல உண்டு. பிரென்ட், வாண்டில், ராடிங், ஹாக்ஸ்மில் என்று பெயர்கள். வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் இருப்புப்பாதைகளுக்கும் பின்புறமாக, ஊரார் திரும்பிப் பார்க்காத இடங்களிலே ஓடுபவை. அவற்றின் தடுப்பணைகளிலே, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, விலாங்குக் குஞ்சுகளுக்குப் பொறி வைக்கிறார்கள். லண்டன் விலங்கியல் சங்கம் 2005-இல் தொடங்கிய கணக்கு இது. 2011 முதல் பொதுமக்கள் பயிற்சி பெற்று, தாங்களே பொறியைப் பார்த்துக் கணக்கெழுதி வருகிறார்கள்.

விலாங்கு என்றால் நம்மவர்க்கு 'பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது' என்ற பழமொழிதான் நினைவுக்கு வரும்! ஆனால் அந்த உயிரின் வாழ்க்கையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஐரோப்பிய விலாங்கு ஆற்றில் வளர்ந்தாலும் ஆற்றில் முட்டையிடுவதில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் மறுபுறத்தில், சர்காசோ கடல் என்னும் பாசி மிதக்கும் பரப்புக்குப் போகிறது. டென்மார்க் நாட்டு யோஹான்னஸ் ஷ்மிட் என்ற அறிஞர் 1904 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடலெங்கும் வலைவீசி, சிறியதினும் சிறிய குஞ்சு எங்கே கிடைக்கிறது என்று தேடித் தேடி அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். அங்கிருந்து ஆயிரக்கணக்கான மைல் மிதந்து, ஐரோப்பியக் கரையை வந்து அடையும்போது குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். உடல் கண்ணாடி போலிருக்கும், அதிலே கருப்புப் புள்ளிகளாய் இரண்டு கண்கள்.

அந்தக் குஞ்சு ஆற்றிலே ஏறி வருகிறது. தடுப்பணை வழியை மறிக்கிறது. அணையின் ஓரத்திலே சரிவாக ஒரு பலகை, பலகை முழுதும் துடைப்பத்து முனை போல நார்கள், மேலிருந்து மெல்ல ஒழுகும் நீர். குஞ்சு அந்த நார்களுக்கிடையே உடலை வளைத்து வளைத்து ஏறி, மேலே உள்ள பெட்டியில் விழுகிறது. தொண்டர் வருகிறார், பெட்டியைத் திறக்கிறார், எண்ணுகிறார், நீளம் அளக்கிறார், ஏட்டிலே எழுதுகிறார், அணைக்கு மேலே கொண்டுபோய் நீரில் விட்டுவிடுகிறார். ஒருநாள் பெட்டி நிறைந்திருக்கும், இன்னொரு நாள் ஒன்றுமே இராது. ஒன்றுமில்லாத நாளிலும் நடந்து வரவேண்டும். பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாலையும் மேடையும் இல்லாத வேலை. ஆனால் அந்தப் பூச்சியங்கள் சேர்ந்துதான், ஐரோப்பிய ஆறுகளுக்கு வந்து சேரும் விலாங்குக் குஞ்சின் தொகை 1980-க்குப் பிறகு 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்துவிட்டது என்ற கசப்பான உண்மையை, தேம்ஸ் கரையில் இருப்பவனுக்கும் மெய்ப்பித்துக் காட்டின.

இவர்களுக்கு ஏன் இந்த அக்கறை? அந்த ஆற்றின் பழங்கதையைக் கேட்டால் விளங்கும்.

1848-49இல் காலரா நோய் லண்டனிலே 14,000 பேருக்கு மேல் பலி கொண்டது. 1853-54இல் மீண்டும் வந்து, மேலும் 10,000 பேரைக் கொண்டுபோயிற்று. சாக்கடை கலந்த ஆற்றுநீரையே குடிநீராகக் கொண்ட மக்கள். அவர்களிலே பெரும்பாலோர் சந்துபொந்துகளில் வாழ்ந்த ஏழைகள். அப்போது குழு அமைத்தார்கள், கூடிக் கூடிப் பேசினார்கள், எவர் பணம் கொடுப்பது என்று ஏசிக்கொண்டார்கள். 1858-ஆம் ஆண்டுக் கோடையிலே வெயில் கொளுத்தியது, ஆறு நாறியது. ஆற்றங்கரையிலே அழகாக வீற்றிருக்கும் பாராளுமன்றத்துக்குள்ளே அந்த நாற்றம் அழைப்பின்றி நுழைந்தது! சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடிலே நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். மாண்புமிகு உறுப்பினர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். அவ்வளவுதான், 18 நாளிலே சட்டம் நிறைவேறிவிட்டது! ஏழை செத்தபோது பத்தாண்டுப் பேச்சு, ஆளுவோர் மூக்கில் ஏறியபோது பதினெட்டு நாள். ஊருக்கு ஊர் இதே கதைதான், இல்லையா?

ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர் நகருக்கு அடியிலே பெருஞ் சாக்கடைகளைக் கட்டினார். கட்டிய திறமையைக் குறை சொல்வதற்கில்லை, இன்றும் பயன்படுகிறது. ஆனால் அந்தச் சாக்கடை எங்கே போயிற்று? கிழக்கே, கூலிக்காரர் குடியிருக்கும் திசையிலே, பெக்டன், கிராஸ்னஸ் என்ற இரண்டு இடங்களிலே, கழிவு அப்படியே ஆற்றில் திறந்துவிடப்பட்டது. 1878 செப்டம்பர் 3-ஆம் நாள் மாலை, உல்லாசப் பயணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற நீராவிக் கப்பல் அந்தப் பக்கத்திலே, நிலக்கரிக் கப்பல் ஒன்றுடன் மோதிப் பிளந்தது. சற்று முன்புதான் திறந்துவிடப்பட்டிருந்த சாக்கடை நீரிலே விழுந்து தத்தளித்தனர் மக்கள். மாண்டவர் 600 பேருக்கு மேல். அதன் பிறகுதான், கழிவை அப்படியே கொட்டுவது தகாது என்று அதிகார வர்க்கத்துக்குத் தோன்றத் தொடங்கியது.

ஆறு சற்றுத் தேறியது. நகரம் பெருத்ததும் மறுபடி நோயில் விழுந்தது. இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சு. போருக்குப் பின் பழுது பார்க்கப் பணமில்லை. 1957-இல், தேம்ஸ் ஆறு நகர எல்லைக்குள் உயிரற்றுப் போயிற்று என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து அறிஞர்கள் கூறிவிட்டார்கள். கியூ முதல் கிரேவ்சண்ட் வரை, விலாங்கைத் தவிர மீனே கிடையாது என்றார்கள். அது எப்படி நேர்கிறது? நீரிலே கரைந்திருக்கும் உயிர்வளியைத்தான் மீன் செவுளால் மூச்சாக இழுக்கிறது. சாக்கடை வந்து விழுந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் கோடி கோடியாய்ப் பெருகி, அந்த உயிர்வளி முழுவதையும் தாமே உறிஞ்சிவிடும். உயிர்வளி தீர்ந்த நீரிலே அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும், சேறு கறுக்கும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். விலாங்கு மட்டும் எப்படித் தப்பியது என்றால், அது தோலாலும் மூச்சு விடும். நம் கூவத்தின் கறுப்பு நிறத்துக்கும் அந்த வீச்சத்துக்கும் காரணம் வேறொன்றுமில்லை, இதேதான்.

இங்கேதான், தோழர்களே, கதைக்குள்ளே தொழிலாளி வருகிறான்!

கழிவு நிலையங்களைச் செப்பனிடும் வேலை 1960-களிலே நடந்தது. ஆறு தேறுகிறது என்று அதிகாரிகள் சொன்னார்கள், மெய்ப்பிப்பது எப்படி? அருங்காட்சியகத்து மீனியல் அறிஞர் ஆல்வின் வீலர் ஒரு நல்ல வழி கண்டார். ஆற்றங்கரை நெடுகிலும் மின்நிலையங்கள் இருந்தன. எந்திரத்தின் வெப்பத்தைத் தணிக்க அவை ஆற்றுநீரை மிகுதியாக உறிஞ்சும். குப்பை உள்ளே போகாமலிருக்க உறிஞ்சுவாயிலே சல்லடை இருக்கும். ஆற்றிலே மீன் இருந்தால் அந்தச் சல்லடையிலே அதுவும் வந்து சிக்கும். அதுவரை அதைக் குப்பையோடு குப்பையாக வாரிப் போட்டுவந்தார்கள். "எறியாதீர்கள், எடுத்து வையுங்கள்" என்று வீலர் 1964 முதல் கேட்டுக்கொண்டார். சல்லடைப் பக்கம் வேலை பார்த்தவர்கள் எடுத்து வைத்தார்கள். வகை வகையாக மீன்கள் வந்தன! செத்த ஆறு என்று முத்திரை குத்தப்பட்ட இடத்திலே, எவரும் எதிர்பாராத மீன்கள்! 1974 நவம்பரிலே மேற்கு தராக் மின்நிலையத்துச் சல்லடையிலே எட்டு ராத்தலுக்கு மேல் எடையுள்ள சால்மன் மீன் ஒன்று கிடைத்தது. தேம்ஸ் ஆற்றில் சால்மன் கடைசியாகப் பிடிபட்டது 1833-இல் என்பது வழக்கிலுள்ள கணக்கு. நூற்று நாற்பது ஆண்டுகளாக அந்தப் பக்கம் தலைகாட்டாத மீன் திரும்பி வந்துவிட்டது என்ற செய்தியை நாட்டுக்குச் சொன்னது குளிர்பதன மாளிகையில் உட்கார்ந்திருந்த குழு அல்ல. தண்ணீர் சொட்டும் சல்லடை.

விலங்கியல் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, தேம்ஸ் ஆற்றில் 115 வகை மீன்கள் உண்டு என்றது. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: கடலேற்றம் வந்துபோகும் பகுதியிலே, மீன் வகைகளின் எண்ணிக்கை 1990-களின் தொடக்கத்திலிருந்து சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது! இதை நாம் பெரிதும் மதிக்கிறோம். பாராட்டு மழையிலே நனைந்துகொண்டிருந்த ஆற்றைப் பற்றி, "பொறுங்கள், ஏட்டிலே குறைவு தெரிகிறது" என்று சொல்லும் துணிவு, தொடர்ந்து எண்ணியவனுக்குத்தான் வரும். பாசல்ஜெட் காலத்துச் சாக்கடைகள் மழை நாளிலே நிரம்பி வழிந்து, ஓராண்டிலே ஏறத்தாழ 3 கோடியே 90 லட்சம் டன் கழிவை ஆற்றிலே சேர்த்து வந்தன. அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தோண்டி, 2025 பிப்ரவரியிலே முழுதும் இணைத்து முடித்திருக்கிறார்கள். அந்தச் சுரங்கம் செலவழித்த பணத்துக்குப் பயன் தந்ததா இல்லையா என்பதை இனி வரும் ஆண்டுகளின் மீன் கணக்கு சொல்லும்.

"வெள்ளைக்காரன் ஊர்க் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கத் துடிக்கும் நண்பருக்கு ஒரு செய்தி. மீனை எண்ணுவதும் எழுதுவதும் நம் பட்டணத்துக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்து மருத்துவப் பணியிலே இருந்தவர் பிரான்சிஸ் டே. மருந்துப் பெட்டியைவிட மீன்கூடையிலே நாட்டம் மிகுந்தவர். 'இந்திய மீன்கள்' என்ற பெருநூலை 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்; தாய்நாடு திரும்பி, பிரிட்டிஷ் மீன்களைப் பற்றியும் எழுதினார். அவருடைய நூலைப் புரட்டினால் லத்தீன் பெயருக்குப் பக்கத்திலே தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன! அந்தப் பெயர்கள் அவர் மூளையில் ஊறியவையா? இந்தக் கரையிலே வலை இழுத்தவன் வாயிலிருந்து வந்தவை. அறிவு குப்பத்தினுடையது, அட்டையிலே பெயர் மட்டும் துரையினுடையது. அந்தக் கணக்கை இப்போது தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் நம் ஊர் ஆறுதான்.

கூவம் என்றாலே இன்று மூக்கைப் பிடிக்கிறார்கள். பச்சையப்பர் அந்தக் கூவத்திலே நீராடினார் என்பது சென்னையிலே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த ஆற்றைச் சீராக்க 1960-களிலிருந்து எத்தனையோ திட்டங்கள்! 2015-இலே 600 கோடி ரூபாயை ஒட்டிய திட்டம் ஒன்று கையில் எடுக்கப்பட்டது. முதலிலே நடந்தது என்ன? கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டன. மூட்டை தூக்கியவன், கட்டடம் கட்டியவன், வீட்டுவேலைக்குப் போனவள் எல்லோரும் பிழைப்புக்கும் குடிசைக்கும் நடுவிலே பல கல் தொலைவைச் சுமந்தார்கள். "ஆற்றை அசுத்தப்படுத்தியவன் இவன்தான்" என்று, வழக்கு விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்!

நாம் கேட்கிறோம்: குடிசை போயிற்று, மீன் வந்ததா?

வெள்ளத்திலிருந்து மக்களைக் காக்கக் கரையை விரிப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. 2015 டிசம்பரிலே அடையாறு பெருக்கெடுத்து வந்து ஊரைச் சூறையாடியதை மறந்துவிட்டுப் பேசவுமில்லை. ஆனால் கரையிலே இருந்தவன்தான் ஆற்றைக் கெடுத்தான் என்றால், அவன் போன பிறகு ஆறு தெளிய வேண்டும். கடலிலிருந்து மடவை ஏறி வரவேண்டும். வரவில்லை என்றால் குற்றவாளி வேறு எவனோ! மாடிவீட்டுக் கழிவு மழைநீர் வடிகால் வழியாக வந்து சேர்கிறதா, பெரிய விடுதியின் குழாயா, பட்டறையின் சாயமா என்று தேடவேண்டும். அந்தத் தேடலுக்கு முதல் சாட்சி மீன். பாலத்துக்குப் பாலம், மாதத்துக்கு மாதம் எண்ணிப் பார்த்தால், எந்தப் பாலத்துக்குக் கீழே சாட்சி காணாமல் போகிறான் என்பது தெரிந்துவிடும். அதற்கு மேலே உள்ள குழாயைத் தேடினால் போதும்! வீடிழந்த ஏழையின் பெயரைத் துடைக்க இதைவிட எளிய வழக்கறிஞர் வேறு யார் இருக்கிறார்?

எண்ணிக்கை மட்டும் போதாது, வகையும் வேண்டும். ஆயிரம் ஜிலேபிக் கெண்டை துள்ளுகிறது என்று பூரித்துப் போகக்கூடாது. ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எந்தக் குட்டையிலும் பிழைத்துக்கொள்ளும். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய முரட்டு இனங்கள். அவை மட்டுமே இருக்கின்றன என்றால், நீர் இன்னும் நோயிலே கிடக்கிறது என்று பொருள். மடவை, கொடுவா, கிழங்கான், இறால், நண்டு இவையெல்லாம் வருகின்றன என்றால் முகத்துவாரம் திறந்திருக்கிறது, கடல் உள்ளே வந்து போகிறது என்று பொருள். நேப்பியர் பாலத்துக்கு அப்பால் மணல் திட்டு வாயை அடைத்துக்கொண்டால் கூவம் மூச்சுத் திணறும் என்பது பொறியாளருக்கும் தெரியும்; ஆனால் அடைத்த மறுநாளே தெரிவது கரையிலே வலை வைத்திருப்பவனுக்கு. முதல் மழை பெய்ததும் அடையாற்று முகத்திலே மீன்கள் செத்து மிதக்கும் காட்சியை நாளேடுகளிலே எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அடியிலே படிந்த கசடை வெள்ளம் கிளறிவிடுகிறது, உயிர்வளி சட்டென்று தீர்ந்துபோகிறது. சீனிவாசபுரத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் உள்ள பெரியவர்களைக் கேட்டால் இதை வகுப்பெடுத்துச் சொல்வார்கள்.

எண்ணூரை எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பரிலே புயல் மழை வெள்ளத்தோடு, மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்திலே புகுந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, கூழைக்கடாவின் இறகு கறுத்தது. மீனவர்கள் வாளியிலே எண்ணெயை அள்ளினார்கள், கையாலே! பிறகு இழப்பீட்டுப் பேச்சு வந்தது. இப்படிப்பட்ட நேரத்திலே எதிரில் உட்கார்ந்திருப்பவன் முதலில் என்ன கேட்பான்? "நேற்று இந்த நீரிலே என்ன இருந்தது? எழுத்திலே காட்டு" என்பான். கழியிலே கையால் துழாவி இறால் பிடிப்பவனின் விரல் நுனியிலே நாற்பதாண்டுக் கணக்கு இருக்கிறது. ஆனால் விரல் நுனியை எந்த அலுவலகமும் கோப்பிலே சேர்க்காது. நாள், இடம், வகை, எண்ணிக்கை, கையெழுத்து என்று ஒவ்வொரு மாதமும் எழுதிய ஏடு ஒன்று குப்பத்து மன்றத்திலே இருந்தால், பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

இனி, நம் பக்கத்திலிருந்தே ஓர் ஐயம் கிளம்பும், கிளம்பத்தான் வேண்டும். தொண்டு என்ற பெயரிலே சம்பளமில்லாத வேலை வாங்கும் சூழ்ச்சி இது அல்லவா? மாசு தடுக்கும் வாரியத்திலே ஆளை நியமிக்காமல், "தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அரசு கைகழுவ வழி செய்வதல்லவா? ஐயம் நியாயமானது. இங்கிலாந்திலேயே 2010-க்குப் பிறகு சுற்றுச்சூழல் முகமைக்கு அரசு கொடுத்த பணம் பெருமளவு வெட்டப்பட்டது. தொண்டர்கள் பெருகினார்கள், ஆய்வாளர்கள் அருகினார்கள். அந்தப் பாதையை நாம் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்லவில்லை. சட்டப்படி நீர் எடுத்துச் சோதித்து வழக்குத் தொடுப்பது சம்பளம் வாங்கும் ஆய்வாளரின் கடமை. அந்த நாற்காலி காலியாக இருந்தால் நிரப்பு என்று கேட்பதற்கும் நம் கையிலே ஏடு வேண்டும். முழுநாளும் படகோட்டிக் கணக்கெடுக்கும் மீனவனுக்கு அன்றைய கூலி கொடுக்கப்பட வேண்டும். அவன் உண்ணாமல் எண்ண வேண்டும் என்பது தொண்டல்ல, சுரண்டல்.

"படிக்காதவன் கணக்கு செல்லுமா?" என்று கேட்கும் மேதாவிகளுக்கு ஒரு வார்த்தை. லண்டனிலே அந்தப் பொறியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் பட்டம் பெற்ற விலங்கியல் வல்லுநர்களா? இல்லை. ஒரே இடம், ஒரே பொறி, ஒரே முறை, தவறாத நாள் என்ற கட்டுப்பாடுதான் அவர்கள் கணக்குக்கு மதிப்பைத் தேடித் தந்தது. பெயர் தெரியாத மீனைப் படம் பிடித்து அறிஞரிடம் காட்டுவார்கள், அவர் சரிபார்ப்பார். நம் குப்பத்துப் பிள்ளைக்கு மீன் பெயர் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலையே இல்லை. அவன்தான் பல கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்! இங்கே மீன்வளத்துறை 1907-லேயே பிறந்துவிட்டது. நூறாண்டு கடந்த அந்தத் துறை, கரையோர மக்கள் எழுதித் தரும் ஏட்டைச் சரிபார்த்து முத்திரையிட்டு ஏற்றுக்கொள்ளட்டும். ஆற்றுச் சீரமைப்புக்குப் பணம் கேட்கும்போதெல்லாம், சுவரின் நீளத்தோடு மீனின் வகையையும் பட்டியலிட்டுக் காட்டவேண்டும் என்று மாநகராட்சி மன்றத்திலே நம் உறுப்பினர்கள் குரல் எழுப்பட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரையிலே படிப்பகம் வைத்திருக்கும் தோழர்கள் இந்த மாதமே தொடங்கலாம். கூவத்திலே வெறுங்காலோடு இறங்கச் சொல்லவில்லை. அந்தத் தவறை எவரும் செய்யவேண்டாம். படகிலிருந்தோ, படித்துறையிலிருந்தோ, பக்கத்துக் குப்பத்து மீனவர் ஒருவரைத் தலைவராகக் கொண்டு, அவர் சொற்படி வலை வைக்கலாம். மழைக்கு முன் ஒரு கணக்கு, முதல் மழை கழிந்த மூன்றாம் நாள் ஒரு கணக்கு, முகத்துவாரம் திறந்தபின் ஒரு கணக்கு, பிறகு மாதந்தோறும். தேவையானது ஒரு வலை, ஓர் அளவுகோல், ஒரு வாளி, கோடு போட்ட நோட்டு ஒன்று. எண்ணிய மீனை உயிரோடு நீரிலே விட்டுவிடுங்கள்; குழம்புக்கு ஆகாது அது! அன்று மாலையே படிப்பகத்துக் கரும்பலகையிலே, தேதி போட்டு, பாலத்தின் பெயர் போட்டு, கிடைத்த வகைகளை நம் ஊர்ப் பெயரிலேயே எழுதுங்கள். முதல் மாதம் எழுத ஒரு மீனும் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் "மீன் இல்லை" என்று பெரிய எழுத்திலே எழுதி, அதன் நகலை வட்ட அலுவலகத்திலே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.